முதல் வலைப்பக்கத்தை எழுதுவது எப்படி? தோற்றத்துக்கு முன் அமைப்பு

கணினியில் ஏதேனும் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்துகொண்டு, விசைப்பலகையில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடியே ‘யூ’ எழுத்தைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான உலாவிகளில் அந்தப் பக்கத்தின் மூல வடிவம் தனியாக விரியும். வண்ணப் படங்களும் பொத்தான்களுமாகத் தெரிந்த பக்கம் அடிப்படையில் வெறும் எழுத்துக் கோப்புதான் என்பது, இதை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு வியப்பாகவே இருக்கும். நாம் கண்ட படம் பொதுவாக அந்தக் கோப்புக்குள் இருப்பதில்லை. ‘இந்த இடத்தில் இன்ன பெயருடைய படத்தைக் கொண்டுவந்து வை’ என்னும் குறிப்பு மட்டுமே அங்கே இருக்கும். குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி போன்ற உலாவிகள் அந்த எழுத்துகளை மேலிருந்து கீழாக வாசித்து, குறிப்புகளைப் பின்பற்றி, திரையில் பக்கத்தை வரைகின்றன. ஆகவே வலைப்பக்கம் உருவாக்கக் கற்பது என்பது, உலாவி வாசித்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் எழுத்துக் கோப்பை எழுதக் கற்பதே ஆகும். இதற்கு நிரலாக்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணிதத் தேர்ச்சியோ, விலை கொடுத்து வாங்கிய மென்பொருளோ தேவையில்லை.

புதிதாகத் தொடங்குவோரின் முதல் கேள்விகள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எழுத்தை எப்படிப் பெரிதாக்குவது, படத்தை எப்படி நடுவில் நிறுத்துவது, பின்னணியை எப்படி நீலமாக்குவது என்று கேட்டுத் தொடங்குகிறார்கள். இந்த ஆர்வம் இயல்பானது. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரிசையில் கற்றால், பத்துப் பக்கம் எழுதிய பின்னும் அடிப்படை பிடிபடாமல் போய்விடுகிறது. பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து ‘இது என்ன’ என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இது தலைப்பா, பத்தியா, பட்டியலா, வேறொரு பக்கத்துக்குச் செல்லும் வழியா என்பதைத் தீர்மானித்து, அதைக் கோப்பில் குறித்துவிட்டால், அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பின்னர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

வலையமைப்பு இப்படி அமைந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இதற்கான திட்டத்தை முன்வைத்தார். பல நாடுகளிலிருந்து அங்கு வந்து ஆய்வு செய்தவர்கள் பலவகைக் கணினிகளைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் எழுதிய ஆவணம் இன்னொருவருடைய கணினியில் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவர் உருவாக்கிய முதல் உலாவி நெக்ஸ்ட் என்னும் கணினியில் பலவகை எழுத்துருக்களோடு பக்கங்களைக் காட்டியது. அடுத்து வந்த மற்றோர் உலாவியோ, எழுத்துகளை மட்டுமே காட்டக்கூடிய எளிய முனையங்களில் வரி வரியாக அதே பக்கங்களைக் காட்டியது. ‘இந்தச் சொற்களை இத்தனை அளவில், இந்த எழுத்துருவில் காட்டு’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது கருவிக்கு அது பயனற்றுப் போயிருக்கும். ‘இது தலைப்பு’ என்று மட்டும் எழுதியதால், ஒவ்வொரு கருவியும் தலைப்பைத் தன்னால் இயன்ற விதத்தில் காட்ட முடிந்தது. அந்தக் குறிப்பு முறைதான் எச்.டி.எம்.எல். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அந்தத் தொடக்க காலப் பக்கங்களின் பிரதி ஒன்றை அந்நிறுவனம் இன்றும் இணையத்தில் வைத்திருக்கிறது. அப்போது கற்பனையிலும் இல்லாத இன்றைய திறன்பேசிகளிலும் அது தடையின்றித் திறக்கிறது. தோற்றத்தைச் சொல்லாமல் அமைப்பைச் சொன்னதன் பயன் இது.

குறிப்பது எப்படி?

எச்.டி.எம்.எல்.-இல் குறிப்பதற்குப் பயன்படுபவை டேக்குகள். இக்கட்டுரையில் டேக்குகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில்தான் தட்ட வேண்டும். தேனீக்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதன் முதல் இரண்டு வரிகள் இப்படி அமையும்:

<எச்1>தேனீ</எச்1>
<பி>தேனீக்கள் கூட்டமாக வாழ்பவை.</பி>

கோண அடைப்புக்குள் இருப்பது டேக்கின் பெயர். ‘எச்1’ என்பது முதல்நிலைத் தலைப்பையும், ‘பாராகிராஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ‘பி’ என்பது பத்தியையும் குறிக்கும். தொடக்க டேக் ஒன்று, முடிவு டேக் ஒன்று என அவை இணையாக வரும். முடிவு டேக்கில் பெயருக்கு முன் ஒரு சாய்கோடு இருக்கும். தொடக்கம், உள்ளடக்கம், முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததை உறுப்பு என்கிறோம். உறுப்புக்குள் உறுப்பு வரலாம். பத்தியில் ‘கூட்டமாக’ என்ற சொல்லை அழுத்திச் சொல்ல விரும்பினால், அந்தச் சொல்லை மட்டும் ‘ஸ்ட்ராங்’ டேக்குகளுக்கு இடையில் வைக்கலாம். அப்போது ஒரு விதியை மறக்கக் கூடாது: கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். பத்திக்குள் திறந்த ஸ்ட்ராங் உறுப்பைப் பத்திக்குள்ளேயே மூடிவிட்ட பின்னர்தான் பத்தியை மூட வேண்டும்.

தலைப்புகளுக்கு எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைகள் உண்டு. தேனீப் பக்கத்தில் ‘தேனீ’ என்பது எச்1 என்றால், ‘கூட்டின் அமைப்பு’, ‘கூட்டில் வாழ்வோர்’ ஆகியவை எச்2 ஆகும். ‘கூட்டில் வாழ்வோர்’ என்பதன் கீழ் வரும் ‘அரசித் தேனீ’, ‘வேலைக்காரத் தேனீ’, ‘ஆண் தேனீ’ ஆகியவை எச்3 ஆகும். பெரும்பாலான உலாவிகள் எச்1-ஐப் பெரிதாகவும் எச்4-ஐச் சிறிதாகவும் காட்டுவதால், ‘எனக்குச் சற்றுச் சிறிய தலைப்பு வேண்டும்’ என்று எண்ணி எச்1-க்குப் பின் நேராக எச்4-ஐப் போடுவோர் உண்டு. அங்கேதான் அமைப்பு உடைகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிச் செல்லும் வசதியைத் தருகிறது. நாம் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து வேண்டிய பகுதியைக் கண்டுபிடிப்பதைப் போல, அவர்கள் தலைப்புகளைக் கேட்டுக்கொண்டே போய் வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். நிலைகள் தாறுமாறாக இருந்தால், எந்தப் பகுதி எதற்குள் அடங்குகிறது என்பது அவர்களுக்கு விளங்காது. அளவு பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றுவதற்கு வேறு இடம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

பத்திகளை எழுதத் தொடங்கியவுடன் ஒன்று குழப்பும். கோப்பில் நாம் பத்து இடைவெளி விட்டாலும், ஐந்து வரி கீழே தள்ளி எழுதினாலும், உலாவி அவை அனைத்தையும் ஒற்றை இடைவெளியாகச் சுருக்கியே காட்டும். இது உலாவியின் குறைபாடு அன்று. கோப்பை நமக்கு வசதியாக, வரி தள்ளி, அடுக்கி எழுதிக்கொள்ள முடிவது இந்த விதியால்தான். புதிய பத்தி வேண்டுமென்றால் புதிய ‘பி’ உறுப்பைத் தொடங்க வேண்டும். முகவரியிலோ கவிதையிலோ போல, பத்திக்குள்ளேயே வரி முறிய வேண்டிய இடத்தில் மட்டும் ‘பிஆர்’ (‘பிரேக்’ என்பதன் சுருக்கம்) என்னும் டேக்கைப் பயன்படுத்தலாம். அதற்கு உள்ளடக்கம் இல்லாததால் முடிவு டேக்கும் இல்லை. இடைவெளியை உண்டாக்குவதற்காகப் ‘பிஆர்’ டேக்கை ஏழெட்டு முறை அடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் விடுவது கடினம். தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுவது நல்லது.

பட்டியல்கள் எளியவை. வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கு ‘யூஎல்’, படிப்படியாகச் செய்ய வேண்டியவற்றுக்கு ‘ஓஎல்’, இரண்டிலும் ஒவ்வொரு வரிக்கும் ‘எல்ஐ’. எண்களை நாம் தட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் உலாவியே எண்களைத் திருத்திக்கொள்ளும்.

இணைப்புதான் வலையை வலையாக்குகிறது என்பதால், அதில் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கிறது. இணைப்புக்கான டேக் ‘ஏ’ என்னும் ஒற்றை எழுத்து. எந்த முகவரிக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தொடக்க டேக்குக்குள்ளேயே சொல்ல வேண்டும். அதற்கு ‘எச்ரெஃப்’ என்னும் பண்பு இருக்கிறது. பண்பின் பெயர், சமக்குறி, மேற்கோள் குறிகளுக்குள் மதிப்பு என்ற வடிவம் எல்லாப் பண்புகளுக்கும் பொது. முகவரிகள் இரண்டு வகைப்படும். வேறொரு தளத்திலுள்ள பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதன் முழு முகவரியையும் எழுத வேண்டும். நம்முடைய கோப்புறையிலேயே இருக்கும் இன்னொரு கோப்புக்கு, கோப்பின் பெயரை மட்டும் எழுதினால் போதும். ‘நான் இருக்கும் இடத்திலிருந்து தேடு’ என்பது அதன் பொருள். இந்த இரண்டாவது வகையை நன்கு புரிந்துகொள்ளாதவர்கள், தம் கணினியின் சி வட்டில் தொடங்கும் நீண்ட பாதையை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய கணினியில் எல்லாம் சரியாகத் திறக்கும். வேறொருவர் கணினியில் அந்தப் பாதை இருக்காது என்பதால் ஒன்றும் திறக்காது. மேலும், ‘இங்கே சொடுக்கவும்’ என்பதை இணைப்பாக்குவதைவிட, ‘கூட்டின் அமைப்பு’ என்ற சொற்களையே இணைப்பாக்குவது சிறந்தது. இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்கும் திரைவாசிப்பான் பயனருக்கு, பத்து முறை ‘இங்கே சொடுக்கவும்’ என்று ஒலிப்பதால் எந்தப் பயனும் இல்லை.

படங்களுக்கான ‘ஐஎம்ஜி’ டேக் தொடக்கத்தில் இருக்கவில்லை. மொசைக் உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் 1993ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை முன்மொழிந்தார். இதற்கும் முடிவு டேக் கிடையாது. ‘எஸ்ஆர்சி’ என்னும் பண்பு படக்கோப்பு இருக்கும் இடத்தையும், ‘ஆல்ட்’ என்னும் பண்பு படத்துக்கு மாற்றான சொற்களையும் தாங்கும். படம் வந்துசேராத போதும், பார்க்க இயலாதவர் படிக்கும் போதும் ஆல்ட் சொற்களே படத்தின் வேலையைச் செய்கின்றன. ‘தேனீ படம்’ என்று எழுதுவது போதாது. ‘மஞ்சள் பூவின் மீது அமர்ந்திருக்கும் தேனீ, பின்னங்காலில் மகரந்த உருண்டை’ என்று எழுதினால் படம் சொல்ல வந்தது சொல்லப்பட்டுவிடுகிறது. வெறும் அலங்காரக் கோடு போன்ற படமானால், ஆல்ட் பண்பை எழுதி, மேற்கோள் குறிகளுக்குள் வெற்றாக விட வேண்டும். அப்போது திரைவாசிப்பான் அதைக் கடந்து சென்றுவிடும்.

பக்கத்தின் கட்டமைப்பு

இதுவரை சொன்னவை எல்லாம் பக்கத்தின் உடலுக்குள், அதாவது ‘பாடி’ உறுப்புக்குள் வருபவை. அதற்கு முன் சில வரிகள் இருக்க வேண்டும். முதல் வரி ‘டாக்டைப்’ அறிவிப்பு. அது இல்லாவிட்டால் உலாவி, 1990களில் எழுதப்பட்ட பழைய பக்கம் இது என்று கருதி, அக்காலத்து உலாவிகளின் விசித்திரமான பழக்கங்களைப் பின்பற்றத் தொடங்கிவிடும். அடுத்து எல்லாவற்றையும் அடக்கும் ‘எச்டிஎம்எல்’ உறுப்பு. அதன் ‘லாங்’ பண்பில் பக்கத்தின் மொழியைச் சொல்ல வேண்டும். தமிழுக்கு ‘டி’, ‘ஏ’ என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள். இதைப் பார்த்தே திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குள் ‘ஹெட்’, ‘பாடி’ என்று இரண்டு பகுதிகள். ஹெட் பகுதியில் உள்ளவை பக்கத்தைப் பற்றிய தகவல்கள். அவை பக்கத்தின் உள்ளடக்கமாகத் திரையில் வரா. அங்கு எழுதும் ‘டைட்டில்’ மட்டும் உலாவியின் தாவலிலும், பொதுவாகத் தேடுபொறி முடிவுகளிலும் தோன்றும்.

தமிழில் பக்கம் எழுதுபவர் ஹெட் பகுதியில் உள்ள ஒரு வரியை ஒருபோதும் விடக் கூடாது: எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் ‘மெட்டா சார்செட்’ வரி. கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்பதை யூனிகோடு வரையறுக்கிறது. அதில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் 128 இடங்கள் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் அப்பகுதியின் ஒவ்வோர் எழுத்தும் குறியும் மூன்று பைட்டுகளாக (பைட்டு என்பது கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) சேமிக்கப்படுகிறது. ‘அம்மா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள். குறியாக்கத்தை நாம் அறிவிக்காதபோது சில உலாவிகள் ஊகித்துச் சரியாகவே காட்டிவிடும். ஊகம் தவறினால், ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எழுத்து என்று எண்ணி, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாக அவற்றைக் காட்டும். அப்போது பக்கம் முழுவதும் தலைமேல் சாய்கோடு கொண்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், அதையடுத்துப் பல இடங்களில் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் திரும்பத் திரும்ப வரும். தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதல் பைட்டு ஒன்றே என்பதுதான் அந்த ‘ஏ’ விடாமல் வருவதற்குக் காரணம். இந்தக் காட்சியைக் கண்டால் எழுத்துருவை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சார்செட் வரி இருக்கிறதா, கோப்பு யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். அந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே அதை ஹெட் பகுதியின் முதல் வரியாகவே வைத்துவிடுங்கள்.

இன்னொரு மெட்டா வரி ‘வியூபோர்ட்’ என்பது. அது இல்லாவிட்டால், திறன்பேசியின் உலாவி பக்கத்தை மேசைக்கணினிக்கு உரியதென்று கருதி, பெரும்பாலும் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, பின்னர் சிறிய திரைக்குள் சுருக்கிவிடும். எழுத்துகள் பொடியாகத் தெரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இவற்றை எழுதுவதற்கு நோட்பேட் போன்ற எளிய எழுத்துச் செயலியே போதுமானது. வேர்டு போன்ற ஆவணச் செயலிகள் தம்முடைய வடிவமைப்புத் தகவல்களையும் சேர்த்துச் சேமிப்பதால் அவை இதற்கு ஆகா. சிறிது பழகிய பின் விஷுவல் ஸ்டுடியோ கோடு போன்ற இலவசச் செயலிக்கு மாறினால், டேக்குகளை நிறம் பிரித்துக் காட்டுவது பெரிய உதவியாக இருக்கும். கோப்பின் பெயர் ‘டாட் எச்டிஎம்எல்’ என்று முடிய வேண்டும். சேமித்த கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் திறக்கும். இணைய இணைப்புகூடத் தேவையில்லை.

உலாவியின் பொறுமை

நிரலாக்க மொழிகளில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டாலும் பிழைச்செய்தி வந்து வேலை நின்றுவிடுவதுண்டு. எச்.டி.எம்.எல். அப்படி இல்லை. எவ்வளவு குழப்பமாக எழுதினாலும் உலாவி எதையாவது காட்டவே முயலும். பக்கத்தில் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. பிழையான பக்கங்களை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் எச்.டி.எம்.எல். தரநிலை விரிவாக வகுத்திருப்பதால், எல்லா உலாவிகளும் ஏறத்தாழ ஒரே விதமாகவே சமாளிக்கின்றன. தொடங்குபவருக்கு இது ஆறுதல். அதேவேளையில் ஆபத்தும் கூட. தவறு செய்தோம் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாவது பத்தியில் ‘ஸ்ட்ராங்’ உறுப்பைத் திறந்துவிட்டு மூட மறந்தோம் என்றால், அந்தப் பத்தியின் எஞ்சிய பகுதி தடித்த எழுத்தாகிவிடும். அதோடு நில்லாமல் அடுத்தடுத்த பத்திகளும் பக்கத்தின் இறுதிவரை தடித்துக்கொண்டே போகும். ஆறாவது பத்தி ஏன் தடித்திருக்கிறது என்று அந்தப் பத்தியிலேயே தேடினால் விடை கிடைக்காது. எங்கே தொடங்கியது என்று மேல்நோக்கித் தேட வேண்டும். இதைவிடக் குழப்புவது, பண்பின் மதிப்பை மூடும் மேற்கோள் குறி விடுபடுவது. அடுத்த மேற்கோள் குறி எங்கே வருகிறதோ அதுவரை உள்ள அனைத்தையும் உலாவி அந்தப் பண்பின் மதிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். இடையிலிருந்த வரிகள் திரையிலிருந்து காணாமல் போகும். எழுதிய வாக்கியம் கோப்பில் இருந்தும் திரையில் வரவில்லை என்றால், அதற்குச் சற்று முன்னால் உள்ள மேற்கோள் குறிகளை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பிழைகளைத் தேடித்தரும் சரிபார்ப்பான் ஒன்றை, வலைத் தரநிலைகளை உருவாக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு இலவசமாக வழங்குகிறது. நம் கோப்பின் எழுத்துகளை அதில் ஒட்டினால், எந்த வரியில் எது மூடப்படவில்லை என்று பட்டியலிடும். முதல் முறை இருபது, முப்பது பிழைகள் வந்தால் மனம் தளர வேண்டாம்; பட்டியலின் முதல் பிழையைத் திருத்திவிட்டு மீண்டும் சரிபார்த்தால், அதன் விளைவாக எழுந்த பல பிழைகள் தாமே மறைந்துவிடும். பக்கம் பார்ப்பதற்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை. பார்வைக்குச் சரியாக இருப்பது அந்த உலாவியின் பொறுமையால் இருக்கலாம்.

இனித் தோற்றம்

அமைப்பு சரியாகிவிட்டது என்றால் தோற்றத்துக்கு வரலாம். இதற்குத் தனி மொழி இருக்கிறது. அதன் பெயர் சி.எஸ்.எஸ். தொடக்க காலத்தில் தோற்றத்தைக் கட்டுப்படுத்த வழியில்லாததால், எழுத்துருவையும் நிறத்தையும் குறிக்கும் டேக்குகள் எச்.டி.எம்.எல்.-க்குள்ளேயே புகுந்து, கோப்புகளைப் படிக்க முடியாதபடி ஆக்கின. ஹோகன் வியும் லீ 1994ஆம் ஆண்டு அக்டோபரில் முன்மொழிந்து, பெர்ட் போஸ் என்பவரோடு இணைந்து வளர்த்த சி.எஸ்.எஸ்., 1996ஆம் ஆண்டு டிசம்பரில் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக வெளிவந்தது. தோற்ற விதிகள் தனிக் கோப்பில் இருக்கும். ஹெட் பகுதியில் ‘லிங்க்’ டேக்கால் அதை இணைத்துவிடுவோம். ஐம்பது பக்கங்கள் ஒரே சி.எஸ்.எஸ். கோப்பைப் பகிர்ந்துகொண்டால், அதில் ஒரு வரியை மாற்றுவதன் மூலம் ஐம்பது பக்கங்களின் தலைப்பு நிறத்தையும் மாற்றிவிடலாம். முன்பு தள்ளிவைத்த தலைப்பு அளவுச் சிக்கலுக்கும் இங்கேதான் தீர்வு: எச்2 பெரிதாகத் தெரிந்தால், நிலையை மாற்றாமல் அதன் அளவை மாற்றுங்கள்.

சி.எஸ்.எஸ். விதி ஒன்றில் மூன்று செய்திகள் இருக்கும். எந்த உறுப்புக்கு, எந்தப் பண்பு, என்ன மதிப்பு. ‘எல்லா எச்2 தலைப்புகளுக்கும் எழுத்தின் நிறம் அடர்பச்சை’ என்பது ஒரு விதி. எல்லாவற்றுக்கும் இல்லாமல் சிலவற்றுக்கு மட்டும் வேண்டுமானால், அந்த உறுப்புகளுக்கு ‘கிளாஸ்’ என்னும் பண்பின் மூலம் ஒரு பெயரிட்டு, அந்தப் பெயருக்கு விதி எழுதலாம். அப்பெயரை ‘சிவப்பு’ என்று வைக்காமல் ‘எச்சரிக்கை’ என்று வைப்பது நல்லது. நாளை எச்சரிக்கையை ஆரஞ்சு நிறத்தில் காட்ட விரும்பினால் பெயரும் பொருளும் முரண்படாமல் இருக்கும். ஒரே உறுப்புக்கு இரண்டு விதிகள் மோதினால், எது அதிகக் குறிப்பாகச் சுட்டுகிறதோ அது வெல்லும். இரண்டும் சம அளவில் சுட்டினால், பின்னால் எழுதியது வெல்லும். எழுதிய விதி வேலை செய்யவில்லை என்று தோன்றும் பல சமயங்களில், அதைவிடக் குறிப்பான வேறொரு விதி அதை மேவியிருக்கும்.

எல்லா உறுப்புகளும் செவ்வகப் பெட்டிகளே என்பதை ஏற்றுக்கொண்டால் சி.எஸ்.எஸ். பாதி எளிதாகிவிடும். உள்ளடக்கத்தைச் சுற்றி ‘பேடிங்’ என்னும் உள்ளிடைவெளி, அதைச் சுற்றி ‘பார்டர்’ என்னும் எல்லைக்கோடு, அதற்கும் வெளியே ‘மார்ஜின்’ என்னும் வெளியிடைவெளி. இங்கு ஒரு கணக்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெட்டியின் அகலம் 300 பிக்சல் என்று எழுதி, உள்ளிடைவெளி 20 பிக்சல், எல்லைக்கோடு 5 பிக்சல் என்று சேர்த்தால், திரையில் பெட்டி 350 பிக்சல் இடத்தை எடுத்துக்கொள்ளும்; ஏனெனில் நாம் சொன்ன 300 உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது, இருபுறமும் 20, 5 என 50 கூடிவிடுகிறது. ‘பாக்ஸ்-சைசிங்’ பண்புக்குப் ‘பார்டர்-பாக்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால், எல்லைக்கோடு வரை அனைத்தும் 300-க்குள் அடங்கும். அருகருகே இருக்க வேண்டிய இரண்டு பெட்டிகளில் ஒன்று திடீரென்று கீழே இறங்கிவிட்டால், முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

தமிழ்ப் பக்கங்களுக்கு வரியிடைவெளியை உலாவியின் இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடாமல் சற்றுக் கூட்டுவது நல்லது. மேல்விலங்குகளும் கீழிறங்கும் குறிகளும் உள்ள எழுத்துகள் நெருக்கமான வரிகளில் முட்டிக்கொள்வது போல் தெரிகின்றன. எழுத்தளவைப் போல 1.6 அல்லது 1.7 மடங்கு வைத்தால் நீண்ட பத்திகளும் களைப்பின்றிப் படிக்கக் கிடைக்கின்றன.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மூன்றாவது மொழியை இந்தக் கட்டத்தில் தொட வேண்டிய தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் ஏதேனும் நிகழ வேண்டும் என்ற நிலை வரும்போது அதைக் கற்கலாம். இழுத்து வைத்தாலே பக்கம் உருவாகும் தளங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவசர வேலைக்கு அவை உதவும். ஆனால் கற்பவர் அவற்றில் தொடங்கினால், ஏதாவது கோணலாகும்போது எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்க நேரும். பிறர் எழுதியதை நகலெடுத்து ஒட்டுவதைவிட, பார்த்துப் பார்த்துக் கையால் தட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். தட்டும்போது விடுபடும் சாய்கோடும் மேற்கோள் குறியும்தான் விதிகளை மனத்தில் பதிய வைக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சேமித்து, உலாவியைப் புதுப்பித்துப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. எஃப்12 விசையைத் தட்டினால் திறக்கும் உருவாக்குநர் கருவிகளில் எந்த உறுப்பைத் தொட்டாலும், அதன் பெட்டி அளவுகளும் அதற்குப் பொருந்திய விதிகளும், மேவப்பட்டு அடித்துக் காட்டப்பட்ட விதிகளும் வரிசையாகத் தெரியும். ஐயம் எழும்போது மொசில்லா அமைப்பு தொடங்கிய, இந்த மொழிகளை விளக்கும் எம்.டி.என். ஆவணங்களைப் பார்ப்பது நம்பகமானது.

பக்கம் தயாரானதும் அதைப் பிறர் பார்க்கும்படி ஒரு சர்வரில், அதாவது கேட்பவருக்கு இணையம் வழியாகப் பக்கங்களை அனுப்பும் கணினியில், ஏற்ற வேண்டும். கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் எளிய பக்கங்களைக் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றன. முகப்புப் பக்கத்தின் கோப்புக்கு ‘இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்’ என்று பெயரிட வேண்டும். முகவரியில் கோப்பின் பெயர் இல்லாதபோது சர்வர்கள் பொதுவாக அந்தக் கோப்பைத்தான் அனுப்பும். படங்களையும் சி.எஸ்.எஸ். கோப்பையும் கோப்புறை அமைப்பு மாறாமல் அப்படியே ஏற்றுங்கள். ஏற்றிய பின் உங்களுடைய கணினியில் மட்டும் பார்த்து நிறைவடையாமல், வேறொருவரின் திறன்பேசியிலும் திறந்து பாருங்கள். உங்கள் கணினியில் தெரிந்த படம் அங்கே தெரியவில்லை என்றால், கோப்புப் பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். விண்டோஸ் கணினி பொதுவாகப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும்; லினக்ஸில் இயங்கும் சர்வர்களுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். கேமராவிலிருந்து வந்த படத்தின் பெயரில் ‘ஜேபிஜி’ என்பது பேரெழுத்தில் இருந்து, நீங்கள் கோப்பில் அதைச் சிற்றெழுத்தில் எழுதியிருந்தால், சர்வர் ‘404, அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றே விடை சொல்லும். எல்லாக் கோப்புகளுக்கும் இடைவெளியில்லாத சிற்றெழுத்துப் பெயர்களையே முதல் நாளிலிருந்து வைத்துக்கொண்டால் இந்தத் தேடல் வராது.